எட்டு விளக்கும் எதிர்வீட்டுக் கேர்ட்டினும்

அடித்தவர்களைச் செல்வரத்தினம் எப்போதோ மறந்துவிட்டான். மூன்று வெள்ளைப் பொடியன்கள், அதில் ஒருவனுக்குப் புதுச் சப்பாத்து, அவ்வளவுதான் நினைவு. முன்பல்லு இரண்டு போனதும் பழகிப்போய்விட்டது. கட்டுப்பல்லு வைத்தாயிற்று, முருக்கங்காய்கூடச் சப்பலாம். அவனால் மறக்க முடியாமல் போனது எதிர்வீட்டு ஜன்னல் கேர்ட்டின்தான்.

எண்பத்தேழாம் ஆண்டு கார்த்திகை மாதம். லண்டனில் ஸ்ட்ரெதம் பெரிய தெருவிலிருந்து பிரிந்து போகிற ஒரு சின்ன றோட்டு. மிச்சம் என்கிற பகுதியில் பெற்றோல் ஸ்டேஷனில் பகல் ஷிப்ட் முடித்து, பஸ்ஸில் வந்து இறங்கி, வாடகை அறைக்கு நடந்து வந்தவனை மறித்து அடித்தார்கள். விழுந்த இடத்திலிருந்து தலையைத் திருப்பினால் நேரே ஒரு வீட்டின் முன்னறை. உள்ளே லைட் எரிந்தது. ஜன்னலில் ஒரு மனிதன் வாயில் பைப்போடு நின்றுகொண்டிருந்தான். கத்துவதற்குச் செல்வரத்தினத்தின் வாயில் இடமில்லை, முழுக்க இரத்தம். கையை மட்டும் தூக்கிக் காட்டினான். அந்த மனிதன் அந்தக் கையை வடிவாகப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கேர்ட்டினை இரண்டு பக்கமும் பிடித்து, நடுவில் ஒரு விரல் இடைவெளியும் விடாமல் இழுத்து மூடினான்.

மறுநாள் வந்த பொலிஸ்காரன் எதிர்வீட்டிலும் போய் விசாரித்தான். வீட்டுக்காரர் பெயர் டட்டன். ரயில்வேயில் வேலை பார்த்துப் பென்சன் எடுத்தவர், மரியாதையான மனிதர். "நான் ஒன்றும் காணவில்லை. கேர்ட்டின் மூடியிருந்தது" என்று அந்த மரியாதையான மனிதர் சொல்ல, விசயம் அந்த இடத்திலேயே செத்துப்போயிற்று.

மூடியிருந்ததாம். அந்தச் சொல்லை வருசக்கணக்காகச் செல்வரத்தினம் மென்றான். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

றோட்டில் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு போனது அவனுக்கு மேல்மாடி அறையை வாடகைக்குக் கொடுத்திருந்த கிழவி, ஹெட்டி லாஸ்கர். கதிரையில் இருந்தால் கால் நிலத்தில் படாது, அவ்வளவு சின்ன உருவம். ஆனால் விளக்குமாற்றை ஓங்கிக்கொண்டு அவள் வாசலால் பாய்ந்து வந்த வேகத்தைப் பார்த்துத்தான் அந்தப் பொடியன்கள் ஓடினார்கள்.

ஹெட்டி யூதப் பெண். லண்டனின் கிழக்குப் பக்கம் ஸ்டெப்னியில் தொப்பி தைக்கிறவனுடைய மகளாகப் பிறந்தவள். பள்ளிக்கூடம் அரைகுறை. சின்ன வயதிலேயே பொத்தான் ஓட்டை தைக்கப் போனாள், போர்க்காலத்தில் பரசூட் தைத்தாள். குண்டு விழுந்து அவர்களுடைய தெருவே இல்லாமல் போனது. காற்சட்டை வெட்டுகிற மோரி லாஸ்கரைக் கலியாணம் முடித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, தெற்கே ஸ்ட்ரெதத்துக்கு வந்து இந்த வீட்டை வாங்கினார்கள். ஒரே மகள் கனடாவில். பன்றி இறைச்சியைக் கிழவி தொடமாட்டாள். நெருப்பு மூட்டக்கூடாத ஓய்வு நாளான சனிக்கிழமையில் சிகரெட் மட்டும் பிடிப்பாள், கேட்டால் "கடவுளுக்கும் எனக்கும் இடையில ஒரு ஒப்பந்தம் கிடக்கு" என்பாள்.

செல்வரத்தினம் படித்தது ஐந்தாம் வகுப்பு. அவள் பேசியதோ கிழக்கு லண்டன் கொச்சை இங்கிலீஷ். ஆனாலும் கிழவி வாய் திறந்தால் அவனுக்கு அச்சொட்டாக விளங்கும். காதுக்குள் போகும்போதே அது யாழ்ப்பாணத் தமிழாகித்தான் போகும்.

பொலிஸ்காரன் போன பின்னேரம் குசினிக் கதிரையில் உட்கார்ந்து, துணியில் சுற்றிய ஐஸை அவனுடைய தாடையில் அமர்த்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"என்னவாம் உவன் டட்டன்? கேர்ட்டின் மூடியிருந்ததாமோ?"

"ஓம் மிசிஸ் லாஸ்கர். எப்படித் தெரியும்?"

ஹெட்டி சிரித்தாள். சந்தோசச் சிரிப்பு இல்லை.

"முப்பது வருசமா உவன் ஒரு புதுப் பொய் படிக்கேல்லை, பார்த்தியே. எங்களுக்கும் இதையேதான் சொன்னவன்."

அப்போதுதான் அவள் தன்னுடைய கதையை அவிழ்த்தாள். இந்த வீட்டுக்கு வந்த முதல் மாரிகாலம். ஹனுக்கா என்று அவர்களுக்கு ஒரு விளக்குப் பண்டிகை, எட்டு நாள். மோரி, தன் தகப்பன் கொடுத்த பித்தளை விளக்கை முன்ஜன்னலில் வைத்து ஏற்றினான். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கண்ணாடியை உடைத்துக்கொண்டு கல் வந்தது. விளக்கு கவிழ்ந்து எண்ணெய் கொட்டி, ஜன்னல் சீலை பற்றிவிட்டது. மோரி கையாலேயே அடித்து அணைத்தான். உள்ளங்கை இரண்டும் வெந்துபோயிற்று. துணி வெட்டுகிறவன் கை அது. அந்த மாரி முழுக்க அவனால் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. ஹெட்டி வெளியே ஓடி வந்து பார்த்தபோது எதிர்வீட்டு ஜன்னலில் டட்டன் நின்றான். அவள் பார்ப்பதைக் கண்டதும் கேர்ட்டின் இழுபட்டது.

"பேந்து ஒருநாள் கேற்றடியில நிண்டு மோரியிட்டச் சொன்னான். 'ஜன்னலில வைச்சுக் காட்டினால் எறியத்தானே செய்வாங்கள், லாஸ்கர்.' என்ர மனுசன் பயந்த சுபாவம். விளக்கைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னறை மேசையில வைச்சிட்டுது. ஆபத்தெண்டால் மேசையில வைக்கலாமெண்டு எங்கட சட்டத்தில இடமிருக்கு. ஆனால் ஒரு வருசமில்லை, ரெண்டு வருசமில்லை. எழுபத்தெட்டில சாகுமட்டும் மேசைதான். களவெடுத்த சாமானை ஒளிக்கிற மாதிரி, சொந்த வீட்டில."

ஐஸைத் திருப்பிப் பிடித்தாள். அவன் முனகினான்.

"பொறு, பொறு. அந்தாளைப் புதைச்ச வருசமே நான் விளக்கை ஜன்னலுக்குக் கொண்டு வந்திட்டன். உவன் பார்க்கவேணும். உவன் கண் மூடுமட்டும் பார்க்கவேணும். வேற ஒரு ஆசையும் எனக்கு இல்லை, செல்வா."

அந்த மார்கழியில் செல்வரத்தினம் அந்தப் பண்டிகையைப் பக்கத்தில் இருந்து பார்த்தான். பித்தளையில் நீளமாக ஒரு தட்டு. அதில் வரிசையாக எட்டுச் சின்னக் குழி. அவற்றுக்கு மேலே, தனியாக உயரத்தில் ஒன்பதாவது குழி. எண்ணெய் ஒலிவ் எண்ணெய். காது வலிக்கு விடுவதற்கென்று மருந்துக் கடையில் விற்கிற குட்டிப் போத்தலைத்தான் ஹெட்டி வாங்குவாள். பஞ்சைத் திரிக்கத் தெரியாமல் அவள் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, செல்வரத்தினம் வாங்கி உள்ளங்கையில் வைத்து உருட்டிக் கொடுத்தான். கார்த்திகை விளக்கீட்டுக்குத் தன் அறையில் அவன் தானும் இரண்டு சிட்டி விளக்கு ஏற்றியிருந்தான், கை மறக்கவில்லை.

"இதெல்லாம் ஏன், மிசிஸ் லாஸ்கர்?"

"மற்றவை உனக்கு எண்ணெயைப் பற்றிச் சொல்லுவினம். ஒருநாள் எண்ணெய் எட்டு நாள் எரிஞ்சது, அதிசயம் எண்டு. சரி, எரிஞ்சதுதான். நான் அதுக்கு முதல் நடந்ததைச் சொல்லுவன். ஒரு ராசா எங்கட கோயிலுக்குள்ள பூந்து பன்றியை வெட்டினவன். உங்கட கடவுளைக் கும்பிடாதேங்கோ எண்டவன். மலைக்குள்ள ஒரு கிழவனும் அஞ்சு மகன்மாரும் கத்தியோட வெளிக்கிட்டாங்கள். சண்டை பிடிச்சுக் கோயிலைத் திரும்ப எடுத்து, கழுவிப்போட்டு, கிடந்த துளி எண்ணெயில விளக்கேத்தினவங்கள். சண்டை இல்லாட்டி எண்ணெய் எங்கால?"

செல்வரத்தினத்துக்கு அந்தக் கிழவனையும் அஞ்சு மகன்மாரையும் உடனே பிடித்துக்கொண்டது.

முதல் நாள் ஒரு விளக்கு, இரண்டாம் நாள் இரண்டு. உயரத்தில் இருக்கிற ஒன்பதாவதுக்குப் பெயர் ஷமாஷ், வேலைக்காரன் என்று அர்த்தம். அதைத்தான் முதலில் ஏற்றி, அதைக்கொண்டு மற்றவற்றைக் கொளுத்துவாள். ஏதோ யோசனையில் செல்வரத்தினம் குனிந்து வரிசையில் எரிந்த ஒன்றில் சிகரெட்டைப் பற்ற வைக்கப் போனான். மணிக்கட்டில் பளார் என்று ஒரு அடி விழுந்தது.

"விசரா! அதில முட்டாத. அது பார்க்கிறதுக்கு மட்டும். அந்த வெளிச்சத்தில ஒருத்தரும் ஒரு வேலையும் செய்யக்கூடாது, பேப்பர்கூட வாசிக்கக்கூடாது. உனக்கு நெருப்பு வேணுமெண்டால் வேலைக்காரன் மேல நிக்கிறான், அவனிட்டக் கேள்."

விளக்கு எரிந்து முடியும்வரை பெண்கள் வேலை செய்யக்கூடாது என்று இன்னொரு வழக்கம். மற்ற வழக்கங்களை எல்லாம் தன் வசதிக்கு வளைக்கிற ஹெட்டி, இதை மட்டும் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தாள். கதிரையை ஜன்னலடியில் இழுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். டட்டன் வருவான். பைப்போடு நின்று முறைப்பான். கடைசியில் கேர்ட்டின் இழுபடும்.

"மூடிட்டான்!" என்று தொடையில் தட்டுவாள். "எரியுதடா உனக்கு. எரியட்டும்."

எண்ணெய்ப் பண்டிகை என்றபடியால் எண்ணெயில் பொரித்ததுதான் சாப்பாடு. விளக்கு அடங்கியதும் உருளைக்கிழங்கைத் துருவி, வெங்காயம் போட்டுத் தட்டையாகப் பொரிப்பாள். அந்தக் குளிரிலும் ஜன்னலைத் திறந்துவிடுவாள், மணம் எதிர்வீட்டுக்குப் போகவேண்டுமாம்.

அடுத்த வருசம் பண்டிகை நெருங்கும்போது, உறைந்து கிடந்த பெரிய தெருவில் ஹெட்டி சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். முதல் நாளே ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாற்றப் போகவேண்டி வந்தது. "இருட்ட முதல் நீ ஏத்து, செல்வா. அவனுக்கு ஒருநாளும் தப்பக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செல்வரத்தினம் ஒன்றும் குறை வைக்கவில்லை. குளித்தான், திருநீறு பூசினான், எட்டுக் குழிக்கும் எண்ணெய் நிறைய விட்டு, எட்டையும் ஏற்றினான். வேலைக்காரனையும் ஏற்றினான். அதுவும் போதாது என்று தன்னுடைய சிட்டி இரண்டையும் கொண்டு வந்து இரு பக்கமும் வைத்தான். போன வருசம் ஒன்று ஒன்றாக ஏறியது அவனுக்குக் கிழவியின் எண்ணெய்ச் சிக்கனமாகத்தான் பட்டிருந்தது. ஊரில் விளக்கீடு அன்றைக்கு யார் வீட்டில் விளக்கு எண்ணிப் பார்த்து ஏற்றுகிறார்கள்? கிழவிக்கு உள்ளம் குளிரும் என்று வாசலில் வந்து காத்திருந்தான்.

டாக்சியால் இறங்கிய ஹெட்டி ஜன்னலைப் பார்த்தாள். கட்டுப் போட்ட கையாலேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

"பாவி! எட்டு நாள் பண்டிகையை ஒரே நாளில முடிச்சிட்டியே! இண்டைக்கு ஒண்டு. ஒண்டே ஒண்டு!"

"நாளைக்குக் குறைச்சு ரெண்டாக்கினால் சரிதானே?"

"குறைக்கிறதோ? அதுதான் ஏலாது! புனிதமான காரியத்தில ஏறலாம், இறங்கக்கூடாது. அதுக்குத்தான் ஒண்டில துடங்கிறது. இனி எப்படி இறங்கிறது?"

செல்வரத்தினம் தலையைச் சொறிந்தான். அப்போது எதிர்வீட்டு ஜன்னலில் டட்டனின் உருவம் தெரிந்தது. வழக்கம்போல அவன் நின்று முறைக்கவில்லை. வந்தான், கண்ணைச் சுருக்கினான், விழுந்தடித்துக் கேர்ட்டினை இழுத்தான். ஹெட்டி அதைப் பார்த்தாள். முகம் மெல்ல மாறியது.

"பார், செல்வா. சட்டப்படி நீ ஏத்தினது கணக்கில்லை, நீ யூதன் இல்லை. நான் உள்ளுக்குப் போய் முறைப்படி ஒண்டு ஏத்துவன், கடவுளுக்கு அது காணும். ஆனால் உவன் டட்டனுக்கு எங்கட சட்டம் தெரியாது." பற்களை நறுமினாள். "எட்டும் எரியட்டும். எட்டு நாளும் எட்டு. ஏறினது இறங்கப்படாது."

அன்றிலிருந்து அந்தச் சட்டம் அவர்கள் இருவருடைய வஞ்சத்துக்கும் சட்டமாயிற்று. அடுத்த வருசங்களில் விளக்கு ஒன்று, இரண்டு என்று முறைப்படியே ஏறியது. ஆனால் வேறு ஏதாவது ஒன்றை ஒவ்வொரு வருசமும் கூட்டினார்கள். ஒரு வருசம் ஜன்னலில் தொங்கிய மெல்லிய வலைச் சீலையைக் கழற்றி எறிந்தார்கள். ஒரு வருசம் மேசையை உயர்த்தினார்கள். இன்னொரு வருசம் மறைத்துக்கொண்டு நின்ற முன்வேலிச் செடியைச் செல்வரத்தினம் அடியோடு வெட்டினான். பிறகு பழைய சாமான் கடையில் நீளமான முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்றை வாங்கி வந்து, விளக்குக்குப் பின்னால் சாய்த்து வைத்தான். எட்டு விளக்கு பதினாறாகத் தெரிந்தது. ஹெட்டி கண்ணாடியைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"நீ பிறக்கேக்குள்ளயே கெட்டவனோ, இஞ்ச வந்து பழகினதோ?"

"உங்களிட்டப் பழகினது, மிசிஸ் லாஸ்கர்."

அவளுக்கு அவ்வளவு பெருமை.

தொண்ணூற்றொன்றில் செல்வரத்தினத்தின் மனைவி அருள்மலர் ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள். மேல்மாடி முழுவதையும் ஹெட்டி அவர்களுக்கே விட்டுக்கொடுத்தாள். அருள்மலர் வெஸ்ட் ஈலிங் அம்மனுக்கு வெள்ளி தவறாமல் போகிறவள். முதல் மார்கழியில் கண்ணாடியையும் விளக்கையும் கேர்ட்டினையும் பார்த்துவிட்டு, "இஞ்சேருங்கோ, உங்களுக்கும் கிழவிக்கும் விசரே? விளக்கேத்திறது சாமிக்கோ, சண்டைக்கோ?" என்று கேட்டாள். செல்வரத்தினம் கட்டுப்பல்லைக் கழற்றிக் காட்டினான். அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

தொண்ணூற்றைந்தில் இரண்டு வீட்டிலும் நோய் வந்தது. வைகாசியில் டட்டனுக்குப் பாரிசவாதம். வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. மாடி ஏற முடியாதபடியால் கட்டிலை முன்னறைக்கு, அந்த ஜன்னலடிக்கே கொண்டு வந்து போட்டார்கள். குரோய்டனில் இருக்கிற மகன் றோட்டு முழுக்கக் கதவைத் தட்டி, காலையும் பின்னேரமும் வந்து தகப்பனைப் பார்க்க யாராவது உண்டா என்று விசாரித்தான். அருள்மலரிடமும் கேட்டான். செல்வரத்தினம் எகிறிக் குதித்தான்.

"அந்த வீட்டு வாசலில கால் வைச்சியெண்டால் தெரியும்!"

ஹெட்டி கீழேயிருந்து கத்தினாள்.

"போகவிடு அவளை! உனக்கு மூளை இருக்கே? கேர்ட்டின் இனி ஆர்ர கையில? அவள்ர கையில!"

ஆக அருள்மலர் போனாள். அவள் போனது வேலைக்கு. இவர்கள் இரண்டு பேரும் அவளை அனுப்பியது ஒற்றுப் பார்க்க.

ஐப்பசியில் ஹெட்டிக்கு இருதயத்தில் பிரச்சினை, கால் வீங்கியது, மூச்சு முட்டியது. மார்கழியில் டூட்டிங் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் படுத்துவிட்டாள். அந்த வருசம் ஹனுக்கா கிறிஸ்மஸுக்கு முந்திய கிழமை வந்தது. கட்டிலில் கிடந்துகொண்டே உத்தரவு போட்டாள்.

"நான் இல்லையெண்டு ஜன்னல் இருட்டாகக் கூடாது. இந்த முறை ஒழுங்கா ஒண்டிலயிருந்து துடங்கு. அருள்மலர் கேர்ட்டினை மூடக்கூடாது. அவனுக்குக் கை இல்லை, செல்வா! இழுத்து மூடக் கை இல்லை! இந்த ஒரு வருசத்துக்குத்தான் நான் உயிரோட இருந்தனான்."

செல்வரத்தினம் ஷிப்ட் மாற்றி எடுத்து, ஒவ்வொரு நாளும் மங்கும் நேரத்தில் ஏற்றினான். ஏற்றிவிட்டு, கிழவியின் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். எதிரே கேர்ட்டின் திறந்தே கிடந்தது. தலையணையில் ஒரு வெள்ளைத் தலை தெரிந்தது. பிறகு பஸ் ஏறிப் போய்க் கிழவிக்குச் சொல்லுவான். அவள் ஒவ்வொரு நாளும் அதே கேள்வியைத்தான் கேட்பாள்.

"பார்த்தவனோ?"

"பார்த்தவன்."

"முகம் எப்படி?"

"தூரம், தெரியேல்லை."

"அருள்மலரைக் கேள்."

அருள்மலர் நாலைந்து நாள் ஒன்றும் சொல்லாமல் மழுப்பினாள். ஏழாம் விளக்கு எரிந்த பின்னேரம், எதிர்வீட்டு வேலை முடித்து வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டே சொல்லிவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, நான் மறைக்க விரும்பேல்லை. நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. அந்த மனுசன் அந்த விளக்கைப் பார்க்கத்தான் பின்னேரம் எப்ப வரும் எண்டு கிடக்கிறார்."

"என்ன?"

"முதல் நாள் பாவமெண்டு நான் மூடப் போனன். இடக்கையால என்ர சட்டையைப் பிடிச்சிட்டார். மூடாத எண்டு தலையை ஆட்டினார். நாலு மணிக்கே தலையணையை உயர்த்தச் சொல்லுறார். இண்டைக்கு எண்ணிப் பார்த்து ஏழெண்டு விரலால காட்டிச் சிரிச்சவர். மகன் கிறிஸ்மஸுக்கும் வரமாட்டானாம். அந்த வெளிச்சம்தான் அவருக்கு நித்திரை குடுக்குது. கண்ணாடி வைச்சபடியால் கூரை முழுக்க மினுங்குது, சொர்க்கம் மாதிரி."

செல்வரத்தினம் திரும்பி விளக்கையும் கண்ணாடியையும் பார்த்தான். செடியை வெட்டியது அவன். சீலையைக் கழற்றியது அவன். கண்ணாடியைத் தோளில் சுமந்துகொண்டு வந்ததும் அவன்தான். வருசம் வருசமாக ஒவ்வொன்றாகக் கூட்டிக் கூட்டி, கடைசியில் டட்டனுக்குத் தாலாட்டுக் கட்டிக் கொடுத்திருக்கிறான்!

"பாவமப்பா, சாகப்போற மனுசன்" என்றாள் அருள்மலர்.

"நான் றோட்டில கிடக்கேக்குள்ள நானும் சாகப்போற மனுசன்தான்."

மறுநாள் கிறிஸ்மஸுக்கு முதல் நாள். ஆஸ்பத்திரி வாட்டில் தாதிமார் தலையில் மினுங்கல் மாலை கட்டிக்கொண்டு திரிந்தார்கள். செல்வரத்தினம் மத்தியானமே போய்விட்டான். ஹெட்டி நன்றாக இறங்கிப்போயிருந்தாள். மூக்கில் குழாய், சொண்டு நீலம். கண் மட்டும் அதே கண்.

"பார்த்தவனோ?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தான். அந்தக் கண்ணுக்கு முன்னால் முடியவில்லை. அருள்மலர் சொன்னதை அப்படியே சொன்னான். விரலால் ஏழு காட்டியதையும் சொன்னான். சிரித்ததையும் சொன்னான்.

கிழவி முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மூச்சு மட்டும் கர் கர் என்று இழுத்தது. மனம் இளகிவிட்டதோ என்று செல்வரத்தினத்துக்குப் பயம் வந்தது. இந்த நேரத்தில் அவள் 'மன்னிச்சுவிடு' என்று சொன்னால் அவன் என்ன செய்வான்?

"செல்வா."

"ஓம்."

"அவன் என்ர விளக்கைப் பாவிக்கிறான்."

"என்ன?"

"நான் உனக்கு முதல் வருசமே சொன்னனான். அந்த வெளிச்சத்தை ஒருத்தரும் ஒரு வேலைக்கும் பாவிக்கக்கூடாது. அவன் அதை வைச்சு நித்திரை கொள்ளுறான். படுக்கை லைட் ஆக்கிட்டான், நாய்!"

"நாங்களும் பாவிச்சனாங்கள்தானே, மிசிஸ் லாஸ்கர். பழிக்கு."

"அதை நான் மேல போய் மோரியிட்டயும் கடவுளிட்டயும் பேசித் தீர்க்கிறன். நீ அதில தலையிடாத." இருமினாள். அவன் தண்ணீர் பருக்கினான். கோப்பையைத் தள்ளிவிட்டு அவனுடைய கையைப் பிடித்தாள். பொத்தான் ஓட்டை தைத்த அந்த விரல்களில் இன்னும் பலம் இருந்தது. "இண்டைக்கு எட்டு. இனி மேல கூட்ட ஒண்டுமில்லை எண்டுதானே நினைக்கிறாய்?"

"ஓம்."

"ஒண்டு கிடக்கு. கேள். எட்டையும் ஏத்து, எண்ணெயை நிறைய விடு. அவன் வடிவாப் பார்க்கட்டும், மனம் நிறையட்டும். பேந்து நீ றோட்டைக் கடந்து போ. அவனுக்கு ரெண்டு பேர் சொல்லு. மோரி லாஸ்கர் எண்டு ஒண்டு, உன்ர பேர் ஒண்டு. உன்ர பேரை முழுசாச் சொல்லு, சுருக்காத. சொல்லிப்போட்டு..." மூச்சு எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "சொல்லிப்போட்டு அந்தக் கேர்ட்டினை நீ உன்ர கையால இழுத்து மூடிப்போட்டு வா. விரல் இடைவெளியும் விடாத."

கிறிஸ்மஸ் கழிந்த மறுநாள் அவள் செத்துப்போனாள். அவனிடம் அவள் கேட்ட கடைசி வேலை அதுதான்.

அவள் சொன்ன அன்றைக்கே அவன் அதைச் செய்தான். நாலு மணிக்கு முன்னமே இருட்டு விழத் தொடங்கியது. றோட்டு முழுக்க ஜன்னல்களில் கிறிஸ்மஸ் மரம், பச்சை, சிவப்பு. இந்த ஜன்னலில் எட்டும் ஒன்றும் நின்று எரிந்தன, கண்ணாடிக்குள்ளே இன்னொரு எட்டும் ஒன்றும். கதிரையில் இருந்து பார்த்தான். எதிரே தலையணையில் தலை உயர்ந்திருந்தது. நன்றாகப் பார்க்கவிட்டான். பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு றோட்டைக் கடந்தான். தான் விழுந்து கிடந்த இடத்தைக் கடக்கும்போது கால் தானாக ஒருமுறை நின்றது.

கதவைத் திறந்தது அருள்மலர்.

"என்னப்பா, இஞ்ச ஏன் வாறியள்?"

"கிழவி ஒரு வேலை சொல்லிவிட்டது. நீ குசினிக்குப் போ."

முன்னறையில் மருந்து மணமும் பழைய பைப் மணமும். கூரை முழுவதும் பொன்னிறத்தில் அசைந்தது. அருள்மலர் பொய் சொல்லவில்லை, வடிவாகத்தான் இருந்தது. கட்டிலில் கிடந்தவர் திரும்பிப் பார்த்தார். ஒரு பக்கச் சொண்டு தொங்கியது. இடக்கையைத் தூக்கி, ஜன்னலைக் காட்டி, ஏதோ சொன்னார். 'லவ்லி' என்பதுபோலக் கேட்டது.

செல்வரத்தினம் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் வந்து நின்றான்.

"அது மோரி லாஸ்கர் வீட்டு விளக்கு" என்றான் இங்கிலீஷில், ஒவ்வொரு சொல்லாக. "மோரி லாஸ்கர். கை வெந்த மனுசன். நான் கந்தையா செல்வரத்தினம். நான் இந்த ஜன்னலுக்கு நேரே கிடந்தனான். கையைத் தூக்கினனான். நீ பொலிசுக்குச் சொன்னாய், கேர்ட்டின் மூடியிருந்தது எண்டு."

கிழவரின் கண் அவனுடைய முகத்தில் நின்றது. விளங்கியதா, இல்லையா? கண்ணால் நீர் வழிந்தது. பாரிசவாதம் வந்த நாளிலிருந்து அந்தக் கண் வழிந்துகொண்டேதான் இருக்கிறது என்று அருள்மலர் சொல்லியிருந்தாள். தூக்கிய இடக்கை அப்படியே நின்றது, இறங்கவில்லை. விரல்கள் விரிந்திருந்தன.

செல்வரத்தினம் அந்தக் கையை வடிவாகப் பார்த்தான்.

பார்த்துவிட்டுத் திரும்பி, கேர்ட்டினை இரண்டு பக்கமும் பிடித்தான். தடித்த துணி, தூசி. இழுத்தான். வளையங்கள் கம்பியில் கரகரத்துக்கொண்டு ஓடின. கூரையில் அசைந்த பொன்னிறம் ஒடுங்கி, ஒரு கோடாகி நடுவில் நின்றது. அவன் அந்தக் கோட்டையும் விடவில்லை. இரண்டு ஓரத்தையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, ஒரு விரல் இடைவெளியும் இல்லாமல் மூடினான்.